மாதிரித் தரவும் நம் ஊர்ப் பெயர்களும்

புதிதாகக் கட்டிய பாலத்தின்மேல் மக்களைச் செல்லவிடுமுன் பாரவண்டிகளை ஏற்றிப் பார்ப்பது பொறியாளர் வழக்கம். கணினி நிரல் எழுதுவோர்க்கும் அத்தகையதொரு வழக்கம் உண்டு. ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் செய்தி கேட்டுப் பெறும் வாயிலை இணையச் சேவை இடைமுகம் என்பர். அவ்வாயில் செவ்வனே இயங்குகின்றதா என அறிய, இல்லாத மனிதர்க்குப் பெயரும் ஊரும் எண்ணும் படைத்து அதனுள் அனுப்புவர். அதுவே மாதிரித் தரவு.

மெய்யான மனிதரின் பதிவுகளையே படியெடுத்துச் சோதித்தல் எளிதன்றோ எனச் சிலர் வினவுவர். எளிதுதான், ஆயின் தகாது. சோதனைக் கணினிக்குக் காவல் குறைவு. அதனைக் கையாள்வோரோ பலர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உழைக்கும் ஒருவர் தம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கொடுத்தது கூலி பெறுதற்கேயன்றி, யாரோ நிரல் பழகுதற்கன்று. தனிநபர் தரவுகளைக் காத்தற்பொருட்டு 2023ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது.

ஆதலின் பொய்த்தரவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது எந்நாட்டுப் பொய் என்பதே என் கேள்வி. ஆயத்தமாய்க் கிடைக்கும் கருவிகளை அப்படியே இயக்கினால் ஜான் ஸ்மித் போன்ற பெயர்களே வந்து குவியும்: முதற்பெயர் ஒன்று, குடிப்பெயர் ஒன்று. நம்மவருட் பலர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தே முன்னே நிற்கும். (தலையெழுத்து என்பதற்கு வேறு பொருளும் உண்டு, அதுவும் இங்குப் பொருந்தும்.) ஜான் ஸ்மித்தை ஆயிரம் முறை ஏற்ற வாயில், மு. செல்வி என்பவர் வந்தவுடன் குடிப்பெயர் எங்கே எனக் கேட்டுக் கதவடைக்கும். அவர் கூலி அன்று வாராது.

ஊர்ப்பெயரையும் நோக்குக. கும்மிடிப்பூண்டி என்பது நம் இலக்கணப்படி 8 எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பெறுதலின் 16 குறியீடு ஆகும். யுடிஎப்-8 முறையிற் சேமித்தால் 48 பைட்டு. ஆங்கில எழுத்தில் அதே ஊர் 13 பைட்டில் அடங்கிவிடும். ஆங்கிலத் தரவால் மட்டும் சோதித்து, 30 பைட்டு போதும் என வகுத்த கட்டத்தில் 'கும்மிடிப்' என்பதோடு ஊர் அறுபட்டு நிற்கும். அனல்மின் நிலையம் உள்ள வள்ளூரும் மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரும் வேறு வேறு ஊர்கள். 'வள்ளூர்' எனத் தேடினால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் நிரலும் உண்டு. இவ்விரண்டும் மாதிரித் தரவில் இருந்தாலன்றோ அப்பிழை வெளிப்படும்?

எண்களில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். மனம்போனபடி எழுதிய பத்திலக்கக் கைப்பேசி எண் மெய்யாகவே ஒருவருடையதாய் இருத்தல் கூடும். நள்ளிரவில் அவர்க்குச் சோதனைக் குறுஞ்செய்தி போய்ச் சேரும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினும் பத்தில் ஒன்று அச்சோதனையில் தேறிவிடும். மின்னஞ்சலுக்கு மட்டும் எக்ஸாம்பிள்.காம் என்னும் முகவரி 1999ஆம் ஆண்டிலேயே இத்தகைய பயனுக்கென ஒதுக்கப்பெற்றது. ஏனையவற்றிற்குச் சோதனைக் கணினியினின்று வெளியே செய்தி செல்லும் வழியை அடைத்துவிடுதலே தக்கது.

பொன்னேரியினின்றும் ஊத்துக்கோட்டையினின்றும் வந்து பயிலும் மாணவர்காள்! உங்கள் ஊர்களில் பெயர்கள் எவ்வெவ்வாறு எழுதப்பெறுகின்றன என ஒரு பட்டியல் வகுத்தல் உங்கட்கு ஒரு விடுமுறை வேலையே. ஒற்றைப் பெயர், இரண்டு தலையெழுத்து, ஒடிசாவினின்று வந்த தொழிலாளியின் பெயர், ஆங்கிலத்தில் ஒரே ஊருக்குள்ள இருவகை எழுத்து, இவையெல்லாம் அதில் இடம்பெறட்டும். ஆளின் பெயரை எடுக்கவேண்டா. பெயரின் அமைப்பை மட்டும் எடுங்கள். 601201 என்னும் அஞ்சற் குறியீட்டிலிருந்தே தொடங்கலாம்.