விருந்துக்கு எவ்வளவு? வண்டிக்கு எவ்வளவு?



ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்டு விருது விழாவுக்கு நம்மையும் அழைத்திருந்தார்கள். பெரிய ஓட்டலில் இரவு விருந்து. போட்டிகளுக்குச் செல்லும் மாணவர் அணிகளுக்கு நிதி திரட்டவே இந்த விழா என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தது. பழைய மாணவர்களும் தொழிலதிபர்களும் மேசைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி அமர்ந்திருந்தார்கள். நல்ல நோக்கம்தானே என்று மகிழ்ச்சியோடு போனோம். மனம் கனத்துத் திரும்பினோம்.

அன்று மேடையில் கேடயம் வாங்கியது 'பாஹா' போட்டிக்குச் சென்று வந்த அணி. எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 2007 முதல் நடத்தி வரும் போட்டி இது. கரடுமுரடான தரையில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டியை மாணவர்களே வடிவமைத்துச் செய்து, மத்தியப் பிரதேசத்தின் பீதாம்பூர் வரை கொண்டு போகிறார்கள். அங்கே மேடு பள்ளங்களில் தொடர்ந்து நான்கு மணி நேரப் பந்தயம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவனைக் காப்பது அவனைச் சுற்றியுள்ள இரும்புக் குழாய்க் கூண்டுதான். அதில் ஓர் இடத்தில் வெல்டிங் விட்டாலும் உயிருக்கே ஆபத்து.

அந்தக் கூண்டுக்கு வெல்டிங் வைத்தவன் யார் தெரியுமா? மேடையில் நின்றவர்களில் ஒருவனும் அல்லன். விருந்தினர்களுக்கு இருக்கை காட்டிக்கொண்டிருந்த, நமக்குத் தெரிந்த ஒரு பையன். கேட், கிரில் செய்யும் சிறிய பட்டறைக்காரரின் மகன்.

"நீ ஏன் தம்பி மேடைக்குப் போகவில்லை?" என்று கேட்டோம்.

"பயணச் செலவுக்கு ஆளுக்கு ஒரு பங்கு போடச் சொன்னாங்க ஹஜ்ரத். வீட்டில் கேட்க மனசு வரவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்" என்றான். முகத்தில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போய்விட்டது!

சிந்தித்துப் பாருங்கள். அணிக்காகத் திரட்டிய பணத்தில் ஓட்டல் வாடகை, மேடை அலங்காரம், பொன்னாடை, பிரியாணி எல்லாம் நடந்தன. அணியில் ஒருவனுடைய ரயில் கட்டணம் மட்டும் நடக்கவில்லை. இது பையனின் ஏழ்மையா, பெரியவர்களின் கவனக்குறைவா?

இழப்பு ஒரு கேடயத்தோடு முடிவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வருபவர்கள், "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். போட்டிக்குப் போனவனிடம் சான்றிதழ் இருக்கிறது. வெல்டிங் வைத்தவனிடம் கையில் தழும்பு மட்டுமே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' இதே வகைப் போட்டி. அதில் மொத்தம் 1000 மதிப்பெண். 100 மதிப்பெண் செலவுக் கணக்குக்கு மட்டுமே! எந்தப் பாகத்துக்கு எவ்வளவு, எந்த வேலைக்கு எவ்வளவு என்று நட்டு, போல்ட் வரை எழுதிக் காட்ட வேண்டும். நடுவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் ஒரு போல்ட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பெயரில் பணம் திரட்டும் பெரியவர்கள் ஒரு விருந்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா?

"விருந்து இல்லாவிட்டால் யார் வந்து கொடுப்பார்கள்?" என்று கேட்கலாம். விருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கொடுத்தவரை மதிப்பதும் சாதித்தவனைப் பாராட்டுவதும் நல்ல பண்புகள்தாம். ஆனால் கொடுக்கும் மனம் சோற்றால் மட்டும் வருவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பழைய மாணவர்களின் உதவியோடு 2008-இல் ஒரு புத்தாக்க மையம் உருவானது. மாணவர்களே நடத்தும் பட்டறை அது. கொடுத்தவர்களின் பணம் அங்கே கருவியாக, இயந்திரமாக நிற்கிறது. ஆண்டுதோறும் புதிய மாணவன் வந்து அதைத் தொடுகிறான்.

எனவே கல்லூரி நடத்துவோருக்கு நாம் சொல்வது இதுதான்: முதலில் அணியின் நுழைவுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் விருந்து வையுங்கள். மிச்சம் குறைவா? கல்லூரிப் பட்டறையிலேயே, அந்த வண்டியின் பக்கத்திலேயே சாப்பாடு போடுங்கள். வருபவர்கள் வண்டியையும் பார்ப்பார்கள், செய்த கைகளையும் பார்ப்பார்கள். போட்டிக்குப் போனவர் பட்டியலை மட்டும் படிக்காமல், வேலை செய்த அத்தனை பேரையும் மேடைக்கு அழையுங்கள்.

கொடுக்கும் சகோதரர்களே! ஊரில் இருந்தாலும் வளைகுடாவில் இருந்தாலும், அடுத்த முறை விருந்துச் சீட்டு வாங்கும் முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள். இதில் அணிக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? பணமில்லாமல் பெயரை எடுத்துக்கொண்ட மாணவன் யாராவது உண்டா?

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் கொடுத்தது அமானிதம். அது போய்ச் சேர வேண்டியது, இருக்கை காட்டிக்கொண்டு நிற்கிறானே, அந்தப் பையனிடம்.