சொத்துப் பட்டியலில் ஒரு தோட்டக்காரர்

அமெரிக்க வேளாண் துறை, தனது உதவித் திட்டங்களில் இனத்தை ஓர் அளவுகோலாகக் கொள்வதைக் கைவிடுவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. கடந்தகாலப் பாகுபாட்டுக்குப் போதிய பரிகாரம் தேடியாகிவிட்டது என்பது அத்துறையின் வாதம். அந்தக் கணக்கு உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா? கறுப்பினத் தோட்டக்காரர்களின் வரலாற்றிலிருந்து இக்கேள்வியை அணுகலாம்.

தாமஸ் ஜெபர்சனின் தோட்டக் குறிப்பேடு உலகறிந்தது. அவரது மான்டிசெல்லோ தோட்டத்தில் செடிகளை நட்டுப் பேணிய வார்ம்லி ஹியூஸ் என்ற அடிமையைச் சிலரே அறிவர்.

லூசியானாவின் ஓக் ஆலி கரும்புப் பண்ணையில் அடிமையாக இருந்த அந்துவானின் கதை இன்னும் தெளிவானது. பீக்கன் கொட்டை மரத்தை விதையிட்டு வளர்த்தால் தாய் மரத்தின் இயல்பு நிலைப்பதில்லை. ஓட்டின் தடிமனும் பருப்பின் அளவும் மரத்துக்கு மரம் மாறும். 1846-47 குளிர்காலத்தில் அந்துவான், சிறந்த மரமொன்றின் தளிர்க்குச்சிகளைக் கொண்டு 16 மரங்களில் வெற்றிகரமாக ஒட்டுக் கட்டினார். அந்த ரகத்தின் கொட்டைகள் 1876-இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றன. 'சென்டெனியல்' என்ற பெயரும் அமைந்தது. ஒரே தரமுள்ள பீக்கன் தோப்புகளுக்கு அதுவே வழிகாட்டியது.

அந்துவான் பெற்றது என்ன? பண்ணை உரிமையாளர் இறந்தபின் 1848-இல் தயாரான சொத்துப் பட்டியலில் அவரது ஒட்டுக் கட்டும் திறமை குறிக்கப்பட்டிருக்கிறது. எதிரே 1,000 டாலர் என்று விலை. திறமையை எவரும் அறியாமல் இல்லை, அறிந்தே மதிப்பிட்டனர். ஆனால் அம்மதிப்பு உடைமையாளரின் கணக்கில் ஏறியது. அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தர இயலாதென 1858-இல் அரசின் தலைமை வழக்குரைஞரே கருத்துரைத்தார்.

விடுதலைக்குப் பிறகு உழைப்பு சொந்தமாயிற்று. நிலமும் கடனும் எளிதில் கிட்டவில்லை. 1920-இல் கறுப்பின விவசாயிகள், குத்தகைதாரர் உட்பட, சுமார் 9.25 லட்சம் பேர். 2022 கணக்கெடுப்பில் 50,000-க்கும் குறைவு. கணக்கெடுக்கும் முறை மாறியிருப்பினும், வீழ்ச்சியின் அளவு ஐயத்துக்கு இடமற்றது. இதற்குக் காரணங்கள் பல. வேளாண் கடனில் காட்டப்பட்ட பாகுபாடு அவற்றுள் ஒன்று. அதன்பொருட்டு 1999-இல் நீதிமன்றத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 2024-இல், பல இனத்தவரும் அடங்கிய சுமார் 43,000 பேருக்கு 200 கோடி டாலர் வழங்கப்பட்டது.

இவை சிறிய தொகைகள் அல்ல. ஆயினும் நிலம், தலைமுறைதோறும் பெருகும் மூலதனம். அதை இழந்தவருக்கு ஒருமுறை தரும் தொகை, இடைப்பட்ட காலத்தின் பெருக்கத்தை ஈடுசெய்வதில்லை. இன அளவுகோல் சரியான கருவியா என்று விவாதிக்கலாம். ஆனால், கணக்கு தீர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் உரிமை கடன்பட்டவருக்கு மட்டுமே உரியதாக இருக்க முடியாது.