நாவல் பழத்தை ஈ மொய்க்க விட்டுவிட்டு…

ஆனி மாசம் வந்தால் எங்கள் கிணற்று மேட்டில் நிற்கும் இரண்டு நாவல் மரத்தடியில் கால் வைக்க முடியாது. தரையெல்லாம் ஊதா. வியாபாரி உலுக்கிக்கொண்டு போனது போக, பறவைகள் தின்றது போக, மிச்சப் பழம் மிதிபட்டுப் புளித்து ஈ மொய்த்துக் கிடக்கும். இரண்டு மரத்துக்கும் சேர்த்துப் பருவத்துக்கு மூவாயிரம் ரூபாய் குத்தகை. அதோடு சரி.

போன வருஷம் சென்னையில் பேத்தியின் பிறந்தநாளுக்கு புளூபெர்ரி கேக் வெட்டினார்கள். மிச்சப் பழம் இருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பெரு நாட்டில் விளைந்தது. கடல் தாண்டி வந்த பழம் கெடாமல் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் விழுகிற பழம் மறுநாள் தாங்கவில்லை. இது எப்படி?

புளூபெர்ரியும் நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் வட அமெரிக்கக் காட்டுப் புதர்தான். நியூஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற பண்ணைக்காரப் பெண், பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடியைக் காட்டிக் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்தார். அரசுத் தாவரவியலாளர் ஒருவரோடு சேர்ந்து அவற்றை வளர்த்து, 1916ல் முதல் விளைச்சலை விற்றார். பின்னால் அதைப் பாதுகாக்கும் முறையும் வீடு வீடாகப் பரவியது. வைப்பதற்கு முன் கழுவாதே, ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தட்டில் பரப்பி உறைய வைத்துப் பிறகு டப்பாவில் போடு. கேக் மாவில் உறைந்தபடியே சேர். இவ்வளவுதான் வித்தை.

இதைப் படித்துவிட்டு யாரும் புளூபெர்ரி நாற்று வாங்க ஓட வேண்டாம். அதற்கு 4.5 முதல் 5.5 வரை கார அமிலநிலை உள்ள புளிப்பு மண் வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலமும் வேண்டும். நம் சமவெளிக்கு அது ஒத்துவராது. நமக்கு நாவல் இருக்கிறது. பழத்தை விட்டுவிட்டு அந்தப் பக்குவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நாவலுக்குத் தோல் மெல்லிசு, உள்ளே கொட்டை. அதனால் முழுப் பழமாக வைப்பதைவிடக் கூழாக்குவது நல்லது. மரத்தடியில் வேட்டியோ வலையோ கட்டி, மண் படாமல் பழத்தைப் பிடிக்க வேண்டும். அடிபட்டதை அன்றே ஒதுக்கி, மற்றதைக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளந்தீயில் வைத்தால் பத்து நிமிஷத்தில் குழையும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம், நிறம் கெடும். கையால் பிசைந்து, கொட்டையை நீக்கி வடிகட்டி, ஆறிய பின் சின்னச் சின்ன டப்பாவில் அடைத்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். டப்பாவை முட்ட நிரப்பாதீர்கள், உறையும்போது உப்பும். எங்கள் வீட்டில் ஆனியில் வைத்தது பொங்கல் வரை நன்றாக இருந்தது.

பொங்கலுக்கு என் மனைவி செய்த கேக்குக்கு ஓவன் கிடையாது. ஒரு கப் கோதுமை மாவு, அரை கப் ராகி மாவு, ஒரு கப் நாவல் கூழ், அரை கப் தயிர், முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை, அரை கப் செக்குக் கடலை எண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். குக்கரில் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் முக்கால் மணி நேரம் சிறு தீ. முதல் தடவை ஆப்ப சோடா போட்டதில் கேக் பாசி நிறத்துக்கு வந்து, பேத்தி தொடவே இல்லை. நாவலின் ஊதா நிறம் புளிப்பில் நிற்கும், சோடாவில் பச்சையாகத் திரியும். அதனால்தான் தயிர்.

'பருவத்துப் பழத்தைப் பருவத்தில் தின்ன வேண்டியதுதானே, ஃப்ரீசரில் வைப்பது இயற்கை விவசாயமா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாவடுவும் வத்தலும் போட்ட நம் பாட்டிகள் அப்படி நினைக்கவில்லை.

என் கவலை வேறு. நம் கூட்டங்களில் விதை பேசுகிறோம், பஞ்சகவ்யம் பேசுகிறோம். பறித்த பிறகு என்ன என்பதை வியாபாரி கையில் விட்டுவிடுகிறோம். பழம் இரண்டு நாள்தான் தாங்கும் என்றால் விலை சொல்கிறவன் அவன்தான்.

அதற்காக எடுத்தவுடன் குளிர் அறைக்குக் கடன் வாங்காதீர்கள். வங்கியில் இருந்தபோது அப்படிக் கடன் கேட்டு வந்தவர்களிடம் நிலப் பத்திரத்தைக் கேட்டேன், திட்ட அறிக்கையைக் கேட்டேன். 'உங்கள் பழத்தை ஒரு மாசம் வைத்துப் பார்த்தீர்களா?' என்று கேட்கவில்லை. சிலர் தவணை கட்ட முடியாமல் நின்றபோதுதான் உறைத்தது. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஆகவே வரும் ஆனியில் ஐந்து கிலோவில் தொடங்குங்கள். வீட்டு ஃப்ரீசர் போதும். வாராவாரம் ஒரு டப்பாவைத் திறந்து நிறம், மணம், ருசி பார்த்து நோட்டில் எழுதுங்கள். விற்கும் எண்ணம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். 'சர்க்கரை நோயைத் தீர்க்கும்' என்று மட்டும் சீட்டில் அச்சடிக்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. நம்பி மாத்திரையை நிறுத்துகிறவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

இந்த வருஷம் ஒரு மரத்தை மட்டும்தான் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். இன்னொன்று எங்கள் அடுப்படிக்கு.