குலப் பெருமையும் குலமகளிர் கண்ணீரும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2006 முதல் 2011 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான ‘பிக் லவ்’ என்னும் நாடகத்தைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டுமென்று நேயர் ஒருவர் கேட்டிருந்தார். உலகத்து நாடகங்களையெல்லாம் கைப்பேசியிலேயே காண இயலுகின்ற காலமாகையால், நாமும் பல இரவுகளைச் செலவிட்டு அதனைப் பார்த்து முடித்தோம்.

யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரை அடுத்த ஒரு புறநகர். அங்கே கடை வைத்து வாணிகம் செய்யும் பில் என்பவனுக்கு மனைவியர் மூவர். அடுத்தடுத்து மூன்று வீடுகள். பின்புறத்து முற்றம் மூன்றுக்கும் பொது. மூத்தவளாகிய பார்ப் நோயுற்ற காலத்தில் பணிவிடை செய்ய வந்தவள் இரண்டாமவள் ஆனாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மூன்றாமவள் ஆனாள். அம்மாநிலத்தில் பெரும்பான்மையோர் சார்ந்துள்ள மார்மன் திருச்சபை, பலதார மணத்தை 1890ஆம் ஆண்டிலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. எனினும், அது இறைவன் இட்ட கட்டளை என்று நம்பிப் பிரிந்து நின்ற கூட்டத்தாரின் வழிவந்தவன் பில். சட்டத்தின் கண்ணுக்கு மூத்தவள் ஒருத்தியே மனைவி. ஏனைய இருவரும் அண்டை வீட்டுப் பெண்கள், அவ்வளவே.

இந்நாடகத்தில் நம்மைக் கவர்ந்தவன் கணவன் அல்லன். மூன்று அடுக்களைகளுக்கும் செலவுக் கணக்குப் பிரிப்பதும், எந்த நாள் எவர் வீட்டில் உணவு என்று அட்டவணை வகுப்பதும், ஒருத்தி அழுதால் மற்றொருத்தி அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்வதுமாக அம்மூன்று பெண்கள் நடத்தும் ஆட்சியே கதையின் உயிர். ஆனால் அவர்களுடைய சமயத்தில் ஆசி வழங்கும் உரிமை ஆடவருக்கே உண்டு. கடைசிக் காட்சியில், குண்டடிபட்டு வீதியில் கிடக்கும் பில், தனக்கு ஆசி கூறும்படி பார்ப்பை வேண்டுகிறான். கதை செய்தோர் இதனைப் பெருவெற்றியாகக் காட்டுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கணவன் சாகும் வேளையில் கைக்கு வரும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் யாது செய்வாள்?

இஃது அயல்நாட்டார் கதை என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நாம் குடியேறி வாழும் இந்நகரத்திலேயே, பலதார மணத்தைப் பற்றிய ஒரு நாடகம் 1857ஆம் ஆண்டில் மேடையேறியது. ‘குலீன குலசர்வஸ்வம்’ என்பது அதன் பெயர். குலீனர் வழக்கத்தைக் கண்டித்து நல்லதொரு நாடகம் எழுதுவோர்க்கு ஐம்பது ரூபாய் பரிசு என்று ரங்கப்பூர்ப் பகுதி ஜமீன்தார் ஒருவர் அறிவித்தார். அப்பரிசைப் பெற்றவர் இராமநாராயண தர்க்கரத்தினர் என்னும் பண்டிதர். நூல் வெளிவந்தது 1854இல். குலப் பெருமை கெடக்கூடாதென்று நான்கு பெண்களையும் மணம் செய்து கொடாமல் வைத்திருக்கிறார் ஒரு தந்தை. மூத்தவளுக்கு முப்பதுக்கு மேல், இளையவளோ சிறுமி. தரகன் ஒரு கிழவனைக் கொணர்கிறான். நால்வரையும் அவ்வொருவனுக்கே கொடுத்து, தந்தை தம் குலத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்! வேடிக்கை நிறைந்த நாடகம்தான். ஆனால் பெண் வேடங்களையும் அன்று ஆடவரே புனைந்தனர். நான்கு மகளிரின் துயரத்தையும் ஆண்களின் குரலிலேயே கல்கத்தா கேட்டது.

குலீனம் யாதென்று நம்மவர்க்குச் சிறிது விளக்க வேண்டும். வங்காளத்து அந்தணருள் உயர்ந்த குடிகள் சிலவற்றிற்குக் குலீனர் என்னும் சிறப்பை வல்லாள சேன மன்னன் வழங்கினான் என்பது மரபு. பின்னர் வந்த தேவீவரர் என்னும் குல நூலார் அக்குடிகளை முப்பத்தாறு ‘மேள’ங்களாகப் பகுத்தார். குலீனப் பெண்ணைத் தன் மேளத்துக் குலீனனுக்கே கொடுத்தல் வேண்டும். குலீன ஆணோ தாழ்ந்த படியினரிடத்தும் பெண் கொள்ளலாம். அவ்வாறு கொடுப்போர் பொன்னும் பொருளும் சேர்த்தே கொடுப்பர். பெண்ணுக்கு வாயில் ஒன்று, ஆணுக்கு வாயில் பல. விளைவு வெளிப்படை. மாப்பிள்ளை கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தவனுக்கோ மணம் புரிதலே தொழிலாயிற்று.

யூட்டாவின் பில் மூன்று வீடு கட்டினான். குலீனன் ஒரு குடிசையும் கட்ட வேண்டியதில்லை. மனைவி தன் தந்தை வீட்டிலேயே இருப்பாள். ஆண்டுக்கு ஒருமுறையோ, பல ஆண்டுகளுக்கு ஒருமுறையோ அவன் வருவான். வந்தால் மாமனார் தட்சிணை தரவேண்டும், தராவிடில் கோபித்துப் போய்விடுவான். எந்த ஊரில் எந்த மனைவி என்பதை மறவாதிருக்கக் கையேட்டில் குறித்துக்கொண்டு திரிந்தோர் உண்டு. சரத்சந்திரர் 1920இல் வெளியிட்ட ‘பாமுனேர் மேயே’ என்னும் நாவலில், வயதான குலீனன் ஒருவன் தன் மனைவியரின் ஊர்களுக்குத் தானே நடக்கச் சலித்து, தனக்குப் பதிலாக நாவிதன் ஒருவனை அனுப்பிவிடுகிறான். கணவன் முகமே பழகாத பெண் எப்படி வேறுபாடு அறிவாள்? அவ்வுண்மை தலைமுறை கடந்து, பேர்த்தியின் மணநாளன்று வெடிக்கிறது. குலத்தூய்மை காக்கப் புகுந்த வழக்கம் குலத்தை எங்கே கொண்டு நிறுத்திற்று என்பதை இதனினும் கூர்மையாகச் சொன்னவர் இலர் என்பது நம் கருத்து. மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். அத்தகைய கிழவன் ஒருவன் கண்ணை மூடினால், பல ஊர்களில், பல வீடுகளில், ஒரே நாளில் வளையல்கள் உடையும். அவர்களுள் பத்து வயதுப் பெண்ணும் இருப்பாள்.

ஈசுவரசந்திர வித்யாசாகரர் இதனைப் பொறாதவர். விதவை மணத்திற்காக அவர் பாடுபட்டதை அறியாதார் இல்லை. ஹவுராவுக்குப் போகும்போது நாம் கடக்கும், 1992இல் திறக்கப்பட்ட பெரும் பாலம் அவர் பெயரைத் தாங்கியது. கிழக்கு ரயில்வேயில், அவர் முதுமையில் வாழ்ந்த கர்மாட்டார் நிலையமும் இன்று வித்யாசாகர் என்றே வழங்குகிறது. பலதார மணத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று 1855 டிசம்பரில் அவர் அரசுக்கு விண்ணப்பித்தார். 1857இன் கிளர்ச்சி வந்தது. சமய வழக்கங்களில் கைவைக்க அரசு அஞ்சிப் பின்வாங்கியது. 1866இல் மீண்டும் விண்ணப்பம்; இம்முறை இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அரசு ஒரு குழு அமைத்தது. குழுவோ சட்டம் வேண்டா என்றது. உறுப்பினராயிருந்த வித்யாசாகரர் உடன்படவில்லை.

அவர் 1871இல் வெளியிட்ட நூலை நம்மைப் போன்ற எழுத்தர்கள் போற்ற வேண்டும். ஏனெனில், அதன் வலிமை ஒரு பட்டியலில் உள்ளது. ஹூக்ளி மாவட்டத்துக் குலீனர்களின் பெயர், வயது, ஊர், மணந்த பெண்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாக அச்சிட்டுவிட்டார். முதலிடத்தில் நிற்பவருக்கு வயது 55, மனைவியர் 80. ‘இவ்வழக்கம் தானே மறைந்து வருகிறது’ என்போருக்கு இதனினும் விடை வேண்டுமோ? எனினும், பெரும் புலவராகிய பங்கிம்சந்திரரே ‘பங்கதர்சன்’ இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். காலம் மாற்றும், சட்டம் எதற்கு என்பது அவர் வாதத்தின் சாரம். காலம் மாற்றும்வரை எண்பது பெண்கள் காத்திருக்க வேண்டுமா என்று நாம் கேட்கத் தோன்றுகிறது.

வித்யாசாகரர் சாத்திரத்தை எதிர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. குறித்த காரணங்கள் இருந்தாலன்றி மறுமணத்துக்கு மனு இடங்கொடுக்கவில்லை என்று சாத்திரத்தைக் கொண்டே வாதிட்டார். பெண்களும் நம்பிக்கையின் வழியாகவே போராடினர். நம் கார்த்திகையோடு ஒத்த அக்ரஹாயண மாதத்தில், இந்நாட்டுச் சிறுமியர் மாலைதோறும் விளக்கேற்றிக் கோலமிட்டுச் ‘செஞ்சுதி’ என்னும் விரதம் நோற்று வந்தனர். நம் பெண்கள் மார்கழியில் நல்ல கணவனையும் மழையையும் வேண்டிப் பாவை நோன்பு நோற்றதுபோன்றதுதான். ஆனால் வங்கச் சிறுமியின் நோன்பில் வேறொரு வேண்டுதலும் சேர்ந்திருந்தது. இன்னும் பிறவாத, முகமறியாத சக்களத்தி ஒருத்தி அழிய வேண்டுமென்று ஐந்து வயதுக் குழந்தை வாய்விட்டுச் சபித்தது! கணவனைச் சபிக்க அவ்விரதத்தில் இடமில்லை. அதிகாரம் இல்லாதவர் கோபம் அருகிலிருக்கும் மற்றோர் அதிகாரமற்றவர்மேல் பாய்வது என்றும் உள்ளது.

இதற்கு வேறு வழியும் தேடினோர் உண்டு. குலீனக் குடியிற் பிறந்த துவாரகாநாத் கங்குலி 1869இல் ‘அபலாபாந்தவ்’ என்னும் இதழைத் தொடங்கிப் பெண்கள் பக்கம் நின்றார். 1883இல் அவர் மணந்த காதம்பினி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரிகள் இருவருள் ஒருவர், பின்னர் மருத்துவரானார். 2020இல் இந்நகரத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் இரண்டு, ஒன்றோடொன்று போட்டியிட்டு அவர் வரலாற்றைத் தொடராக்கின. நம்மவர் இல்லங்களிலும் வங்காளம் பழகிய பெண்கள் அதனைக் கண்டு பேசிக்கொண்டது நமக்கு நினைவிருக்கிறது. தமிழ்த் திரையிலோ இரண்டு மனைவியர் என்றால் பெரும்பாலும் நகைச்சுவைதான். 1994இல் வந்த ‘வீரா’வில் இரு வீடுகளுக்கும் ஓடி ஓடிக் களைத்த நாயகனைப் பார்த்துக் கொட்டகை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஓடுபவனுக்குக் கால் வலிக்கலாம். காத்திருப்பவளுக்கு யாது வலித்தது என்று படம் கேட்கவில்லை.

சட்டம் இறுதியில் வந்தது. சென்னை மாகாணம் 1949இலேயே இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடை செய்தது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் 1955 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வித்யாசாகரரின் முதல் விண்ணப்பத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து! ஆயினும் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், கணவருக்கு வேறு மனைவி உண்டென்று கூறிய மணமான பெண்கள் நூற்றுக்கு 1.4 பேர். எல்லாச் சமயத்தாரிடமும் இது சிறு அளவில் உள்ளது. குற்றமென்று மெய்ப்பிப்பதும் எளிதன்று. இரண்டாம் மணம் உரிய சடங்குகளோடு நடந்தது என்று நிறுவினாலன்றித் தண்டிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. யாருமறியாமல் கோயிலில் தாலி கட்டியவன், நாளை ‘அது மணமே அன்று’ என்று கூறித் தப்ப இதில் வழியுண்டு.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் சமூகத்துக்கு இது தொலைவான செய்தியன்று. ஊரில் ஒருத்தி, இங்கொருத்தி என்று வாழ்ந்த ஊழியர் ஒருவர் காலமான பின், இரு பெண்கள் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஊரிலிருந்து வந்தவருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. இங்கிருந்தவரின் குழந்தைகளுக்கோ வங்காளமே வாயில் வந்தது. இருவர் கையிலும் கணவருடன் எடுத்த புகைப்படம். ஒருவரை ஒருவர் அன்றுதான் முதலில் கண்டனர். சபித்துக்கொள்வார்கள் என்று எண்ணி நாம் எழுந்து நின்றோம். ஊரிலிருந்து வந்தவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார்.

ரயில்வே ஊழியர் மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்வதை 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆனால் புகார் செய்தால் அவர் வேலை போகும். வேலை போனால் ஓய்வூதியமும் போகும் என்றஞ்சி வாய்மூடும் மனைவியரே மிகுதி. சட்டப்படி செல்லாத மணத்தின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை. பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. அப்பிள்ளைகளைக் கருணை அடிப்படையிலான வேலைக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கலாகாது என்று, ரயில்வே சார்ந்த ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது.

நம் குடும்பத்துப் பெண்மணிகள், கணவர் அலுவலகத்தில் அளித்துள்ள குடும்ப விவரப் படிவத்தின் நகலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்ப்பது நலம். அதில் பெயரும் பிறந்த நாளும் பிழையின்றி இருக்க வேண்டும். ‘எதற்குக் கேட்கிறாய்?’ என்று வினவும் கணவன்மார், இப்பக்கத்தைக் காட்டச் சொன்னதாகக் கொள்வார்களாக.