மெதுவாய்ப் பருகுவோரும் விரைந்து கிள்ளுவோரும்

அண்மைக்காலமாக நம் இலக்கியச் சூழலில் ஒரு புதுவகைப் பயணக் கட்டுரை பெருகி வருகிறது. 'மெதுநடைப் பயணம்' என்று அதற்குப் பெயரும் இட்டாயிற்று. எழுத்தாளர் ஒரு மலைக்குச் செல்கிறார். அது சீனத்தின் வூயி மலையாக இருக்கலாம். நுவரெலியாவாகவோ மூணாறாகவோ இருக்கலாம். பனி இறங்குகிறது. சிறு கிண்ணத்தில் தேநீர் வருகிறது. காலம் நின்றுவிட்டதாக அவர் உணர்கிறார். நகரத்து அவசரத்தில் தாம் இழந்த ஏதோவொன்று கிண்ணத்தின் ஆவியில் திரும்பக் கிடைத்ததாகச் சொல்லிக் கட்டுரையை முடிக்கிறார். இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவரும் நமக்கு எழும் வினா எளியது: அந்தத் தேயிலையைப் பறித்தவர் கட்டுரைக்குள் ஏன் வரவே இல்லை?

சீனத் தேநீர் மரபின் செழுமையை நாம் மறுக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டிலேயே லூ யூ என்பார் தேநீருக்கென்றே ஒரு நூல் செய்து, இலைக்கும் நீருக்கும் கலத்துக்கும் இலக்கணம் வகுத்தார். சிறு குடுவையில் ஒரே இலையைப் பலமுறை ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் மாறிவரும் சுவையை அறிந்து பருகும் முறை ஃபூஜியானிலும் குவாங்டாங்கிலும் இன்றும் வழக்கில் உள்ளது. 2022இல் சீனரின் தேயிலைப் பக்குவ முறைகளையும் அவற்றைச் சார்ந்த சமூக வழக்கங்களையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவற்றைத் தேடிச் சென்று அறிய விரும்புவது நல்ல விருப்பமே.

ஆயின் நம் பயணிகள் தேடுவது தேநீரகத்தின் மௌனத்தை. சீனத் தேநீரகம் மௌனமாக இருந்ததே இல்லை. செங்டு நகரத்துத் தேநீரகங்கள் கதைசொல்லிகளும் வணிகர்களும் காது குடைந்துவிடுவோரும் நிறைந்த கூடங்கள். வழக்குள்ள இரு தரப்பார் பெரியவர் ஒருவர் முன் அங்கே அமர்ந்து நியாயம் பேசுவர். தோற்றவர் எல்லோருடைய தேநீருக்கும் காசு கொடுப்பார். லாவ் ஷே 1957இல் வெளியிட்ட 'தேநீரகம்' நாடகம் பெய்ஜிங்கின் ஒரு கடைக்குள் அரை நூற்றாண்டு அரசியலையே கொண்டுவந்து நிறுத்தியது. அக்கடையில் நாட்டு நடப்பைப் பேசக்கூடாது என்ற அறிவிப்பு தொங்குகிறது. தமிழ் வாசகருக்கு நம் கடைகளில் தொங்கும் 'இங்கு அரசியல் பேசாதீர்' பலகை நினைவுக்கு வராமல் போகாது. பேச்சு ஓயாத இடத்தில்தான் அப்படி ஒரு பலகைக்குத் தேவை எழும்.

நாம் வாழும் திருபுவனையில், புதுச்சேரி – விழுப்புரம் நெடுஞ்சாலையோரக் கடைகளில், ஆலைகளின் முறை மாறும் வேளையில் இதைக் காணலாம். ஒரே நாளிதழ் தாள்தாளாகப் பிரிந்து பெஞ்சுகளில் சுற்றிவரும். கூலி, வழக்கு, வாக்கு, வரதட்சிணை எல்லாம் அங்கே பேசப்படும். இதைச் சொல்வதால் நம் தேநீர்க்கடையைப் போற்றிப் பாடுகிறோம் என்று கொள்ள வேண்டாம். தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த கடைகளும் இதே தமிழ் நிலத்தில்தான் இருந்தன. அந்தக் குவளையை ஒழிக்கப் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தது. யார் பெஞ்சில் அமரலாம், யார் நின்று குடிக்க வேண்டும் என்பது வரை தேநீர் நம்மிடம் சமூகத்தின் அளவுகோலாக இருந்திருக்கிறது. செங்டுவோ திருபுவனையோ, தேநீர் விற்கும் இடத்தில் மனிதர்களின் வழக்கும் வந்து அமர்கிறது. ஆவியை மட்டும் எழுதுகிறவர் அந்த வழக்கைப் பார்க்க மறுக்கிறார்.

இனி மலைக்கு வருவோம். சீனத்தில் உயர்ந்த விலைபோகும் பச்சைத் தேயிலை, ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறிக்கப்படுவது. நாள் தவறினால் விலை சரியும். ஆகவே அந்தச் சில வாரங்களில் பறிப்போர் விடியலிலிருந்து ஓடியோடிக் கிள்ளுகிறார்கள். அரை கிலோ உயர்ரகத் தேயிலைக்குப் பல்லாயிரம் துளிர்களைக் கையால் கிள்ள வேண்டும். மேலே தேநீரகத்தில் ஒருவர் மணிக்கணக்கில் நிதானமாகப் பருகுவதற்குக் கீழே ஒருத்தியின் விரல்கள் நிதானமின்றி ஓடியாக வேண்டியிருக்கிறது.

இதைத் தமிழர் அறியாதிருக்க வழியில்லை. தேயிலைத் தோட்டத்துக்கென்றே நம் மொழி ஓர் அகராதியை ஈன்றிருக்கிறது: லயம், கங்காணி, பிரட்டு, கொழுந்து மடுவம். அவற்றுள் கொடிய சொல் 'அரைப்பேர்'. இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு 'பேர்' விழும். குறித்த கிலோ அளவுக்குக் கொழுந்து சேராவிட்டால் அன்று அரைப்பேர்தான். மழையோ வெயிலோ அட்டைக்கடியோ காரணமாகாது. உழைத்தவளின் பெயரையே பாதியாக வெட்டும் கணக்கு இது.

அந்த மலைகளில் இன்று 'பீக்கோ பாதை' இருக்கிறது. கண்டிக்கருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டர் நீளும் நடைவழி. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் நிதியளித்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் வழியில் வருகிறது. மெதுநடைப் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடைக்காது.

2023இல் இன்னொரு நடையும் நிகழ்ந்தது. 1823இல் காப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் அழைத்துச் செல்லப்பட்டதன் 200ஆம் ஆண்டையொட்டி, மலையக மக்களும் அவர்களுக்குத் துணைநின்றோரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கப்பலிறங்கிய முன்னோர் காட்டு வழியே நடத்திச் செல்லப்பட்ட தடம் அது; காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டோர் ஏராளம். அவர்களின் வழித்தோன்றல்கள் நிலம், வீடு, முழுமையான குடியுரிமை, கண்ணியமான கூலி கேட்டு நடந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் 75 ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பயணக் கட்டுரையாளர்களுக்கு முதற்பாதைமேல் உள்ள ஆர்வத்தில் சிறு பங்காவது இந்த நடையின்மேல் இருந்திருந்தால் நாம் இதை எழுத நேர்ந்திராது.

மூணாறுக்கும் இதே கதைதான். வரையாடு காண ராஜமலைக்குச் செல்வோர் பலர். அதை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின, பெரும்பாலோர் தமிழர்கள். சரிவின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறை வீடுகளில் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஐந்தாண்டு முன், 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து அதே மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். 'பெண்பிளை ஒருமை' என்று அந்த எழுச்சிக்குப் பெயர். ஒன்பது நாள் மூணாறு நகரம் அசையவில்லை. கொழுந்து கிள்ளும் கைகள் மெதுவானால் என்ன ஆகும் என்பதை அந்நாட்கள் காட்டின.

நமக்குச் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. சுற்றுலா வந்தால் அம்மக்களுக்கும் வேலை கிடைக்காதா என்பது முதலாவது. கிடைக்கும், மறுக்கவில்லை. துரை பங்களா விடுதியாகும்போது அங்கே அறை துடைக்கும் வேலை கிடைக்கும். ஆனால் லயம் லயமாகவே இருக்கும். வேலையோடு வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை வருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எல்லாவற்றிலும் துயரத்தைத் தேடினால் அழகை எப்போது எழுதுவது என்பது இரண்டாவது. மலையின் அழகை எழுதவேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் சீப்பால் வாரியதுபோல் வரிசையாகச் சரியும் அந்தப் பச்சை இயற்கை தந்ததன்று. காட்டை அழித்து மனிதக் கைகள் வெட்டி வெட்டி வைத்திருக்கும் பச்சை. அதை 'இயற்கையின் மடி' என்று எழுதுவது அழகுணர்ச்சிக்கே பிழை.

நம் இலக்கியம் இவ்வாறு கண்மூடி இருந்ததில்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் எழுதிய ஆங்கில நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்து வைத்தார். இவ்வளவும் கையிலிருக்க, தேயிலை மலையில் ஆளே இல்லாததுபோல் எழுத ஒரு தமிழ் எழுத்தாளருக்கு எங்ஙனம் மனம் வருகிறது?

அடுத்த மலைக் கட்டுரையை எழுதவிருக்கும் நண்பர், கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொழுந்து மடுவம் வரை இறங்கி நடக்கட்டும். தராசு அன்று என்ன காட்டியது, எவருக்கு அரைப்பேர் விழுந்தது என்று கேட்டு அதையும் எழுதட்டும். அதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் தங்கட்டும். மெதுவாகப் பயணம் செய்ய வந்தவர்தாமே.