வேகத்துக்குப் பணம் கட்டினால் விளையாட்டு விறுவிறுக்குமா?

வீட்டில் இண்டர்நெட் இருக்கிறது. செகண்டுக்கு 100 மெகாபிட். அப்படியும் பையன் முணுமுணுக்கிறான்.

"நான் சுடுவதற்குள் எதிரி என்னைச் சுட்டுவிடுகிறான். 500 மெகாபிட் போட்டுக் கொடுங்கப்பா!"

மாதாமாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டினால் பலன் உண்டா?

பெரும்பாலான வீடுகளில் பலன் இல்லை!

லாரியும் தபால் கார்டும்

விளம்பரத்தில் "வேகம்" என்று போடுகிறார்கள். அந்தச் சொல்லில்தான் ஏமாற்றம் இருக்கிறது. 100 மெகாபிட் என்பது ஓட்டத்தின் வேகம் அல்ல. ஒரு செகண்டில் எவ்வளவு சரக்கு வந்து சேரும் என்ற கணக்கு. அதாவது, சாலையின் அகலம்.

இண்டர்நெட்டில் சினிமா பார்ப்பது, லாரி லாரியாக அரிசி மூட்டை வருவது போல. அதற்கு அகலமான சாலை வேண்டும். விளையாட்டோ தபால் கார்டு! "இடது பக்கம் திரும்பினான்; சுட்டான்." இவ்வளவுதான் செய்தி. செகண்டுக்குப் பல கார்டுகள் போனாலும், எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 1 மெகாபிட்டைக்கூடத் தொடுவதில்லை. மீதி 99 சும்மா கிடக்கிறது. அதை 499 ஆக்கி என்ன பயன்?

கார்டு போய், பதில் கார்டு திரும்பி வரும் நேரம்தான் விளையாட்டுக்கு முக்கியம். இதற்குப் "பிங்" என்று பெயர். மில்லி செகண்டில் கணக்கிடுவார்கள். ஒரு செகண்டை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறு.

வெளிச்சத்தின் வேகம்

செய்தி, கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடுகிறது. செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்! ஆயிரம் ரூபாய் கட்டுகிறவருக்கும் அதே வெளிச்சம்தான். ஐயாயிரம் கட்டுகிறவருக்கும் அதே வெளிச்சம்தான்.

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியில் கேபிள் போட்டு இருக்கிறார்கள். 2002-ம் ஆண்டில் வந்த ஒரு கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போக, வர 6,400. அந்த வழியில் வெளிச்சத்துக்கே 32 மில்லி செகண்டு பிடிக்கும். நடுவில் உள்ள எந்திரங்கள் எடுக்கும் நேரம் தனி. விளையாட்டை நடத்தும் கம்ப்யூட்டர் சிங்கப்பூரில் இருந்தால், இந்தக் கணக்கை எந்தப் பணத்தாலும் குறைக்க முடியாது. அதுவே மும்பையில் இருந்தால் தூரம் குறைவு. எந்த ஊர்க் கம்ப்யூட்டர் என்று பல விளையாட்டுகளில் ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் காசு கிடையாது!

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் செஷயர் என்று ஒருவர். பல கம்ப்யூட்டர்களை இணைத்து ஆடும் "போலோ" என்ற டாங்கிச் சண்டை விளையாட்டை உண்டாக்கியவர். அகலத்தைக் கூட்டுவது எளிது, தாமதத்தைக் குறைப்பதுதான் கடினம் என்று 1996-ம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். ஆண்டுகள் பல ஓடிவிட்டன. விளம்பரம் இன்னும் அகலத்தைத்தான் பேசுகிறது.

அன்று சரி, இன்று?

"முன்பு வேகத்தைக் கூட்டியபோது நன்றாக இருந்ததே!" என்று சிலர் கேட்கலாம். அதுவும் உண்மைதான். 2004-ம் ஆண்டில் இந்திய அரசு "பிராட்பேண்டு" என்பதற்கு வைத்த அளவு வெறும் 256 கிலோபிட். அந்தக் கம்பியில் 1,500 பைட் உள்ள ஒரு பொட்டலத்தை ஏற்றவே 47 மில்லி செகண்டு ஆகும். அப்போது வேகத்தைக் கூட்டினால் கைமேல் பலன் தெரிந்தது.

இன்று 100 மெகாபிட்டில் அதே பொட்டலத்துக்கு ஆகும் நேரம் 0.12 மில்லி செகண்டு. 500 ஆக்கினால் 0.024. மிச்சம் ஆவது ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், இது கணக்கிலேயே வராது.

ஒன்று மட்டும் மெய்யாகக் குறையும். புது விளையாட்டை இறக்கும் நேரம். 60 ஜிகாபைட் உள்ள விளையாட்டை இறக்க 100 மெகாபிட்டில் 80 நிமிடம். 500-ல் 16 நிமிடம். ஆனால், அது விளையாட்டு தொடங்கும் முன்பு நடக்கும் சங்கதி.

திருடன் வீட்டுக்குள்ளே!

அப்படியானால் பையன் பொய் சொல்கிறானா? இல்லை. தாமதம் உண்மைதான். அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இரவு எட்டு மணி. அக்கா வீடியோவில் பேசுகிறாள். அப்பாவின் செல்போன், கல்யாணத்தில் எடுத்த படங்களை எல்லாம் தானாகவே மேலே அனுப்பிக்கொண்டு இருக்கிறது. ரவுட்டர் எந்திரத்தின் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. தபால் கார்டு கடைசியில் மாட்டிக்கொள்கிறது. ரெயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரர் கதைதான்! 50 ஆக இருந்த பிங், இப்படிப்பட்ட நேரத்தில் பல நூறு ஆகலாம்.

இந்த நெரிசலைத் தீர்க்க, 2012-ம் ஆண்டில் காத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் முறை. அதைச் சேர்த்த ரவுட்டர்கள் இப்போது கிடைக்கின்றன. அது இல்லாவிட்டாலும், விளையாடும் நேரத்தில் படம் அனுப்பும் வேலையை நிறுத்தி வைக்கலாம்.

வைபையும் ஒரு காரணம். அலை, சுவரைத் தாண்ட வேண்டும். பக்கத்து வீட்டு அலைகளோடும் முட்டிக்கொள்ள வேண்டும். செய்தி தவறிப்போனால் மறுபடி அனுப்ப வேண்டும். ரவுட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வயரின் விலை ஒரு தடவைதான். மாதாமாதம் அல்ல!

சோதித்துப் பார்ப்பதும் எளிது. எல்லோரும் தூங்கும் நேரத்தில், வயர் மாட்டி, ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டும். இரவு எட்டு மணிக்கும் பார்க்கட்டும். விடியற்காலையில் பிங் குறைந்தால், முதலில் வீட்டு நெரிசலைக் கவனிக்க வேண்டும். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் இண்டர்நெட் பார்ப்பதால் கம்பெனியின் கம்பி திணறுவதும் உண்டு. அப்படியானால் கம்பெனியிடம் புகார் செய்ய வேண்டும். அதற்கும் பெரிய திட்டம் மருந்து அல்ல.

அமெரிக்காவில் 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு விதி அமலுக்கு வந்தது. இண்டர்நெட் விற்கும் பெரிய கம்பெனிகள் விலை, வேகம் ஆகியவற்றோடு, வழக்கமாக எத்தனை மில்லி செகண்டு தாமதம் ஆகும் என்பதையும் சீட்டில் காட்ட வேண்டும். இங்கே கம்பெனிகளின் விளம்பரத்தில் 100, 200, 500 என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், தாமதத்தையும் போடச் சொல்ல வேண்டும்.