‘ஒரிஜினல்’ இல்லாமல் ரம்மி இல்லை!

கறம்பக்குடியில் ஒரு வீட்டுத் திண்ணை. கோடை விடுமுறை மதியம். கரன்ட் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. ப்ளஸ் டூ முடித்த பேரன் கேட்கிறான்: “தாத்தா, எனக்கு ரம்மி சொல்லிக்குடுங்க.”

அடுப்படியிலிருந்து உடனே குரல் வருகிறது. “மாமா, அந்தச் சீட்டை மட்டும் அவனுக்குப் பழக்காதீங்க!”

தாத்தா உள்ளே போய் இரண்டு சீட்டுக்கட்டும், ஒரு டப்பா புளியங்கொட்டையும் எடுத்து வருகிறார். “கஜா புயல்ல தென்னையெல்லாம் சாஞ்சு, கரன்ட் இல்லாமக் கெடந்தோமே... அப்ப ராத்திரியில நீயும்தானம்மா ஆடுன. காசு வெச்சா ஆடுனோம்?”

அடுப்படியில் சத்தமில்லை. பாடம் ஆரம்பம்.

13 சீட்டுக் கணக்கு

ஆளுக்கு 13 சீட்டு. மீதியைக் கவிழ்த்து வைத்து, ஒன்றை ஜோக்கராக வெட்ட வேண்டும். அந்த எண்ணுள்ள சீட்டெல்லாம் அந்த ஆட்டத்துக்கு ஜோக்கர். ஒன்றை எடு, ஒன்றைப் போடு. அவ்வளவுதான் ஆட்டம்.

முதலில் சேர்க்க வேண்டியது ‘ஒரிஜினல்’. ஜோக்கர் உதவியில்லாமல் ஒரே சின்னத்தில் வரிசையாக மூன்று சீட்டு; உதாரணமாக, இஸ்பேட் 5, 6, 7. அடுத்து இன்னொரு வரிசை. இதில் ஜோக்கர் சேரலாம். மீதியை வரிசையாகவோ, செட்டாகவோ முடிக்கலாம். செட் என்றால் ஒரே எண், வெவ்வேறு சின்னம்.

“ஒரிஜினல் இல்லாதவன் கையில எத்தனை ஜோக்கர் இருந்தும் பிரயோஜனம் இல்ல” என்கிறார் தாத்தா. அதற்குள் வேறொருவர் ரம்மி அடித்துவிட்டால், கையிலுள்ள சீட்டெல்லாம் பாயின்ட்டாக ஏறும். ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் எல்லாம் தலா 10. அதிகபட்சம் 80.

அதனால், சேராத பெரிய சீட்டை முதலில் கழித்துவிட வேண்டும். எதிராளி எதை எடுக்கிறார், எதைப் போடுகிறார் என்பதில் கண் இருக்க வேண்டும்.

ஸ்கூட் விடத் தெரியணும்

கை மோசமாக இருந்தால், ஆடாமலே கவிழ்த்துவிடலாம். ‘101’ ஆட்டத்தில் முதல் ஸ்கூட்டுக்கு 20, நடுவில் விட்டால் 40. “80-க்கு 20 லாபம்தானேடா?”

பேரனுக்கு அது பிடிக்கவில்லை. “அடுத்த சீட்டு நல்லதா வந்தா?”

அடுப்படியில் நிற்கும் அம்மாவின் பயமே இந்தக் கேள்விதான்.

ரம்மி முக்கியமாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால், பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த கிளப்தான் பிறகு செல்போனுக்குள் வந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் கமிஷன், 24 மணி நேரமும் திறந்த கதவு, எதிரே முகம் தெரியாத ஆட்டக்காரர்.

கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தமிழகத்தை உலுக்கின. நீதிபதி கே.சந்துரு குழு 2022-ல் அறிக்கை தந்தது. 2023-ல் தமிழக அரசின் தடைச்சட்டம் வந்தது. திறமை ஆட்டம் என்ற அடிப்படையில் ரம்மிக்கான தடையை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் வந்தது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. ஆனாலும், ‘போனஸ் தருகிறோம்’ என்று ஏதாவது ஒரு லிங்க் வரலாம். தொடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சிக்கி மனம் உடைந்திருந்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் பேசலாம்.

திண்ணையில் மூன்றாவது ஆட்டம். பேரன் ஸ்கூட் விடாமல் 80 வாங்கி அவுட். அவன் பங்குப் புளியங்கொட்டை மொத்தமும் தாத்தா பக்கம்.

“இது பணமா இருந்தா?” என்கிறார் தாத்தா.

பேரன் பேசவில்லை. ஈரக்கையைத் துடைத்தபடி அம்மா வந்து உட்காருகிறார்.

“தள்ளி உக்காருடா. மாமா, எனக்கும் 13 போடுங்க.”